கால்வே நகரைத் தனி வழிகாட்டியுடன் நடந்து பார்ப்பது வயதான பெற்றோருக்கு ஏற்குமா?

கேள்வி: தென்கரையாள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டப்ளினில் வசிக்கிறோம். வரும் செப்டம்பர் முதல் வாரத்தில் என் பெற்றோர் ஊரிலிருந்து வந்து எங்களுடன் ஒரு மாதம் தங்குகிறார்கள். இம்முறை அவர்களை மேற்குக் கரையில் உள்ள கால்வே நகருக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கே தனி வழிகாட்டி ஒருவரை எங்கள் குடும்பத்துக்காக மட்டும் அமர்த்திக்கொண்டு பழைய நகரை நடந்து பார்க்கலாமா என்று யோசித்து வருகிறேன்.

என் தயக்கத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 71 வயது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். இடது முழங்காலில் தேய்மானம் இருப்பதால் இருபது நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும். அம்மாவுக்கு நடப்பதில் சிரமம் இல்லை. ஆனால் ஆங்கிலத்தை வேகமாகப் பேசினால் அவரால் தொடர முடியாது. என் மகனுக்கு 12 வயது. சென்ற முறை டப்ளினில் இருபதுக்கும் மேற்பட்டோர் கொண்ட ஒரு குழு நடையில் சேர்ந்தோம். அப்பா ஒரு நினைவுப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் குழு அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தது. அவர் கேட்ட ஒரே கேள்விக்குப் பிறகு பதில் சொல்வதாகச் சொன்னார்கள்; அந்தப் பிறகு வரவே இல்லை. அதற்குப் பின் எங்கே கூப்பிட்டாலும், “நீங்கள் போய் வாருங்கள் அம்மா, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வாழ்நாள் முழுவதும் வரலாறு சொல்லிக்கொடுத்த மனிதர் அப்படி ஒதுங்கி அமர்வதைப் பார்க்க எனக்கு மனம் ஆறவில்லை.

தனி நடைக்கான செலவுக்கு ஏற்ற பயன் உண்டா, வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எந்த இடங்களை வைத்துக்கொண்டு எவற்றை விட்டுவிடலாம், மழை வந்தால் என்ன செய்வது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


பதில்: கொரிப் கரையிலிருந்து

வணக்கம் சகோதரி. எட்டு ஆண்டுகளாகக் கால்வேயில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினரையும் நண்பர்களையும் பழைய நகருக்குள் அழைத்துச் செல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. தனி வழிகாட்டிகளுடனும் மூன்று முறை நடந்திருக்கிறேன். உங்கள் அப்பாவைப் போன்றவருக்குத் தனி நடைதான் பொருந்தும் என்று தயங்காமல் சொல்வேன். கட்டணத்தைப் பொறுத்தவரை, தனி நடைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்காமல் குழுவுக்கு மொத்தமாக இவ்வளவு என்று வாங்குவதே பெரும்பாலும் வழக்கம் என்பதால், ஐந்து பேர் சேர்ந்து போகும்போது அது அவ்வளவு கனமாகத் தெரியாது.

கால்வேயின் பழைய பகுதி மிகச் சிறியது. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தில் ரயில் வந்து சேரும் கியான்ட் நிலையத்துக்கு எதிரிலேயே ஏர் சதுக்கம் இருக்கிறது. அங்கிருந்து வில்லியம் தெரு, ஷாப் தெரு, ஹை தெரு, கே தெரு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக நீளும் ஒரே பாதையில் மெல்ல இறங்கினால் பதினைந்து நிமிடத்துக்குள் கொரிப் ஆற்றங்கரையில் உள்ள ஸ்பானிய வளைவை அடைந்துவிடலாம். இந்தப் பாதையின் பெரும்பகுதியில் வாகனங்கள் வருவதில்லை. ஆகவே தூரம் உங்களுக்குச் சிக்கல் ஆகாது. நிற்கும் நேரம்தான் சிக்கல். நடப்பதைவிட ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று கேட்பதே முழங்கால் வலி உள்ளவர்களைச் சோர்வடையச் செய்கிறது என்பதை என் மாமனாரை அழைத்துச் சென்றபோது கண்டேன். பதிவு செய்யும்போதே, நீண்ட விளக்கங்கள் அனைத்தையும் உட்கார வசதியுள்ள இடத்தில் வைத்துச் சொல்லுங்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்லவராக இருந்தால் தம் வழியையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்.

ஏர் சதுக்கத்தில் இருக்கைகள் நிறைய உண்டு. நகரின் பழங்கதை முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து கேட்டுவிடலாம். 1232இல் டி பர்க் என்னும் நார்மன் குடும்பத்தின் கைக்கு வந்த சிற்றூர் எப்படி மதில் சூழ்ந்த துறைமுகமாக வளர்ந்தது, 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் அளித்த பட்டயத்தால் எப்படித் தன் மேயரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றது, லிஞ்ச், பிளேக், ஜாய்ஸ், மார்ட்டின், ஃபிரெஞ்ச் முதலான பதினான்கு வணிகக் குடும்பங்கள் எப்படித் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரை ஆண்டன என்பதெல்லாம் அங்கே சொல்லத் தகும். அந்தப் பதினான்கு குடிகளின் கொடிகளும் சதுக்கத்திலேயே பறக்கின்றன. பிரவுன் குடும்பத்தின் வீட்டு வாயில் ஒன்று, 1627இல் செதுக்கப்பட்டது, வீடில்லாமல் வாயில் மட்டுமாக அங்கே நிற்கிறது. 1905இல் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1963 ஜூன் மாதத்தில் அமெரிக்க அதிபர் கென்னடி இங்கே வந்து மக்களிடையே பேசினார். அதனால் அந்தப் பூங்காவுக்கு இன்று அவர் பெயர்.

அடுத்து லிஞ்ச் மாளிகை. ஷாப் தெருவின் முனையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லில் எழுந்து நிற்கும் இக்கட்டடம் இப்போது ஒரு வங்கிக் கிளை. வெளியே நின்று சன்னல்களைச் சுற்றிய செதுக்கல்களைப் பார்த்தால் போதும். அங்கிருந்து சில அடிகளில் புனித நிக்கலஸ் தேவாலயம். 1320இல் நிறுவப்பட்ட இது, இடைக்காலத்தில் எழுந்து இன்றுவரை வழிபாடு தொடரும் பங்குத் தேவாலயங்களில் அயர்லாந்திலேயே மிகப் பெரியது. கடலோடிகளின் காவலராகக் கருதப்படும் புனிதரின் பெயரை ஒரு துறைமுகம் தன் கோயிலுக்கு வைத்ததில் வியப்பில்லை. உள்ளே அமைதியாக உட்காரலாம். மழைக்கும் அதுவே புகலிடம். ஆங்கிலேயத் தளபதி கிராம்வெலின் படையிடம் 1652 ஏப்ரலில் ஊர் பணிந்த பிறகு படைவீரர்கள் தலைகளைச் சிதைத்ததாகச் சொல்லப்படும் கல் உருவங்களை வழிகாட்டி காட்டுவார். உங்கள் மகனுக்கு அது நினைவில் நிற்கும்.

மழைக்கு இன்னொரு புகலிடமும் உண்டு. ஏர் சதுக்கத்தை ஒட்டிய வணிக வளாகத்துக்குள்ளேயே இடைக்கால மதிலின் ஒரு நீண்ட பகுதி கோபுரங்களுடன் நிற்கிறது. கடைகளுக்கு நடுவே மதிலைப் பார்ப்பது முதலில் விந்தையாகத் தோன்றும். ஆனால் அது எத்தனை தடிமனாக இருந்தது என்பதைத் தொட்டுப் பார்த்து அறிய அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. ஸ்பானிய வளைவுக்குப் பக்கத்தில் உள்ள நகர அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கழிப்பறை வசதிக்காகவும் அதை நடையின் நடுவில் வைத்துக்கொள்வது நல்லது. குடையை நம்பி வராதீர்கள். கடற்காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலையை மூடும் மழைக்கோட்டு எல்லோருக்கும் வேண்டும்.

நாளையும் நேரத்தையும் கவனியுங்கள். சனிக்கிழமைகளில் தேவாலயத்தை ஒட்டிய சந்தில் சந்தை கூடும். அது பார்க்க வேண்டியதுதான் என்றாலும் அப்பாவுக்கு அந்த நெரிசல் கடினம். வார நாளில் காலை பத்து மணிக்குத் தொடங்கினால் தெருக்கள் நம்முடையவையாக இருக்கும். செப்டம்பர் இறுதியில் சிப்பி விழாவின்போது கே தெருவில் நடக்கவே இடமிருக்காது. நீங்கள் முதல் வாரத்தில் வருவதால் அந்தக் கவலை இல்லை.


பதில்: புதுவை வாசகர்

மேலே எழுதிய நண்பர் வழியைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவியும் நானும் தனி வழிகாட்டி ஒருவருடன் கால்வேயில் மூன்று மணி நேரம் நடந்தோம். அந்த நடையை நினைக்கும்போதெல்லாம் அவர் சொன்ன கதைகளைவிட, எது கதை, எது சான்றுள்ள செய்தி என்று அவர் பிரித்துக் காட்டிய நேர்மைதான் முதலில் மனத்தில் எழுகிறது.

கால்வே கதைகளால் நிரம்பிய ஊர். தேவாலயத்தின் அருகே ஒரு பழைய சுவரில் லிஞ்ச் நினைவுச் சன்னல் என்று ஒன்றைக் காட்டுவார்கள். 1493இல் மேயராக இருந்த ஜேம்ஸ் லிஞ்ச், கொலைக் குற்றம் செய்த தன் மகனைத் தானே தூக்கிலிட்டான் என்பது அதன் கதை. தமிழர் யார் கேட்டாலும் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. என் மனைவி அந்த இடத்திலேயே அதைச் சொன்னார். வழிகாட்டி மிகுந்த ஆர்வத்துடன் கேட்டுக்கொண்டார். பிறகு, தாம் காட்டும் சன்னலைப் பற்றி அவர் சொன்னது இது: ஜேம்ஸ் லிஞ்ச் என்ற மேயர் இருந்தது உண்மை, ஆனால் அவர் மகனைத் தூக்கிலிட்டதற்கு அக்காலத்துப் பதிவு எதுவும் இல்லை, சுவரில் உள்ள மண்டையோட்டுக் கல்லில் 1624 என்ற ஆண்டு இருக்கிறது, கதையைச் சொல்லும் கல்வெட்டோ 19ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்டது. இத்தனையும் சொன்ன பிறகும் கதையின் கவர்ச்சி எங்களுக்குக் குறையவில்லை. ஓர் ஊர் தன் நீதியுணர்வை எந்த உருவில் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதைத்தான் அந்தச் சுவர் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது.

கொலம்பஸைப் பற்றியும் அப்படித்தான். 1477இல் அவர் கால்வேக்கு வந்து புனித நிக்கலஸ் தேவாலயத்தில் வழிபட்டார் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அவர் தாம் படித்த நூல் ஒன்றின் ஓரத்தில் அயர்லாந்தின் கால்வேயில் விந்தையான தோற்றமுடைய ஓர் ஆணையும் பெண்ணையும் கண்டதாக எழுதிவைத்த குறிப்பு மட்டுமே அதற்குக் கைப்பிடி. தேவாலயத்தில் வழிபட்டது வழிவழியாக வந்த நம்பிக்கை. ஸ்பானிய வளைவின் பெயரும் பலரை ஏமாற்றுகிறது. அதை ஸ்பானியர் கட்டவில்லை. 1584இல், துறையில் சரக்கு இறக்கும் இடத்தைக் காப்பதற்காக நகர மதிலை ஆறு வரை நீட்டியபோது எழுந்தது அது. பழைய பெயர் ஐரிஷ் மொழியில் ‘மதிலின் தலை’ என்று பொருள்படுவது. ஸ்பெயினிலிருந்து திராட்சை மது வந்து இறங்கியதும், இங்கிருந்து தோலும் கம்பளியும் உப்பிட்ட மீனும் போனதும் உண்மை. அந்த உறவைக் கருதிப் பிற்காலத்தில் வந்த பெயர் அது. 1755 நவம்பர் முதல் நாள் லிஸ்பனை அழித்த நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை இங்கு வரை வந்து வளைவுகளின் ஒரு பகுதியைச் சிதைத்தது. 2004ஐக் கண்ணால் பார்த்த நாங்கள் அந்த இடத்தில் வெகுநேரம் பேசாமல் நின்றோம்.

ஆகவே பதிவு செய்வதற்கு முன் வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, லிஞ்ச் கதையில் எவ்வளவு உண்மை என்று கேளுங்கள். வரும் பதிலே ஆளைக் காட்டிவிடும். அயர்லாந்தில் வழிகாட்டித் தொழிலுக்கு உரிமம் கட்டாயமில்லை. ஆனால் தேசியச் சுற்றுலா வளர்ச்சி அமைப்பான ஃபால்ச்சா அயர்லாந்து, பயிற்சி பெற்றுத் தேர்ச்சியடைந்த வழிகாட்டிகளுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. அந்தச் சின்னம் உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை.

தனி நடையின் உண்மையான பயனை நான் உணர்ந்த தருணம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். புதுச்சேரிக்காரன் என்பதால் கவுண்ட் டி லாலியைப் பற்றி ஒரு கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்தது. 1758இல் புதுச்சேரிக்கு வந்து, சென்னையை முற்றுகையிட்டு, 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்று, மறு ஆண்டு புதுச்சேரியையும் இழந்து, அதற்காகவே 1766இல் பாரிஸில் தலை வெட்டப்பட்ட அந்தப் பிரெஞ்சுத் தளபதியின் தந்தை, கால்வே மாவட்டத்து டூம் பகுதியிலிருந்து பிரான்ஸுக்குப் போன ஐரிஷ்காரர். இருபது பேர் கொண்ட குழுவில் இதைக் கேட்க எனக்குத் துணிவு வந்திருக்காது. தனியாக இருந்ததால் கேட்டேன். வழிகாட்டி அப்படியே ஒரு திண்ணை போன்ற கல்லில் அமர்ந்து, 1691இல் ஆக்ரிம் போரில் தோற்ற பிறகு கால்வே நகரம் இங்கிலாந்தின் வில்லியம் மன்னரின் படைக்குப் பணிந்ததையும், ஐரிஷ் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் பிரான்ஸுக்குப் போனதையும் அரைமணி நேரம் விளக்கினார். வந்தவாசியில் லாலியை எதிர்த்து நின்றவர் நம் பாடநூல்களில் சர் அயர்கூட் என்று வருபவர். அவர் பிறந்த கூட் குடும்பத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த சார்லஸ் கூட்தான் 1652இல் கால்வேயை முற்றுகையிட்டுப் பணியவைத்த தளபதி. வந்தவாசி வெயிலில் நடந்த போரின் இரு தரப்புத் தலைவர்களுக்கும் வேர் அயர்லாந்தில் இருந்தது என்பதை நான் அந்த மழைச்சாரலில்தான் முழுமையாக உணர்ந்தேன். வரலாற்று ஆசிரியரான உங்கள் தந்தையிடமும் இப்படி ஏதாவது கேள்வி இருக்கும். அதை முன்கூட்டியே வழிகாட்டிக்கு எழுதி அனுப்புங்கள்.


பதில்: ஈரமண்

தனி நடை எப்போதும் மேலானது என்ற எண்ணத்தோடு நான் முழுமையாக உடன்படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், அயர்லாந்தின் வேறொரு துறைமுக நகரில் நாங்கள் அமர்த்திய தனி வழிகாட்டி, இரண்டு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தை ஒரு நகைக்கடையிலும் ஒரு கம்பளிக் கடையிலும் கழிக்க வைத்தார். குழுவில் இருந்திருந்தால் யாரேனும் முணுமுணுத்திருப்பார்கள். தனியாக இருந்ததால் மரியாதை கருதிப் பேசாமல் இருந்துவிட்டோம். கடைக்குள் போக வேண்டாம் என்று பதிவின்போதே எழுதிவிடுவது நல்லது.

இது கால்வேயில் கூடுதல் கவனத்துக்குரியது. ஏனெனில் கிளாடா மோதிரம் விற்கும் கடைகள் நடைபாதை நெடுகிலும் உண்டு. இரு கைகள் ஓர் இதயத்தை ஏந்தியிருக்க, அதன்மேல் முடி சூட்டப்பட்ட அந்த மோதிரம் நட்பையும் அன்பையும் பற்றுறுதியையும் குறிக்கிறது என்பார்கள். கடலில் கொள்ளையரிடம் சிக்கி அல்ஜீரியாவில் அடிமையாக இருந்து பொற்கொல்லன் தொழிலைக் கற்றுத் திரும்பிய ரிச்சர்ட் ஜாய்ஸ் என்பவர் அதை வடித்தார் என்ற கதையைக் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்பதற்குக் கடைக்குள் நுழைய வேண்டியதில்லை.

இன்னொன்று, குழு நடையில் மற்றவர் கேட்கும் கேள்விகளிலிருந்தும் நாம் கற்கிறோம். தனியாகப் பயணம் செய்பவருக்கும் நடக்கச் சிரமமில்லாத இளையோருக்கும் அதுவே போதும் என்பது என் கருத்து. உங்கள் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன்: வழிகாட்டி நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும் என்றும், ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் விட வேண்டும் என்றும் முன்பே கேளுங்கள். இரண்டு மணி நேர நடை அப்போது மூன்று மணி நேரமாகும். ஆகவே இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: சொல்வேர்

அந்த மோதிரத்துக்குப் பெயர் தந்த கிளாடா பகுதியை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். பெரும்பாலான நடைகள் ஸ்பானிய வளைவோடு முடிந்துவிடுகின்றன. ஆற்றைக் கடந்தால் அக்கரையில் உள்ள அந்தப் பகுதி, மதிலுக்கு வெளியே தனக்கெனத் தலைவனை வைத்துக்கொண்டு, ஐரிஷ் மொழி பேசி வாழ்ந்த மீனவர் குடியிருப்பு. பெயரின் பொருளே கற்கள் நிறைந்த கரை என்பதுதான். வணிகக் குடும்பங்கள் உள்ளே, மீனவர் வெளியே என்ற பிரிவு ஊரின் வரலாறு முழுவதையும் விளக்கும். மதிலுக்குள் இருந்தோர் தம்மை ஆங்கிலேய மரபினராகவே கருதினார்கள். ‘ஓ’ என்றும் ‘மாக்’ என்றும் பெயர் தொடங்கும் ஐரிஷ் குடியினர் நகரத் தெருக்களில் நெஞ்சு நிமிர்த்தி நடக்கக் கூடாது என்று 1518இல் ஒரு விதியே செய்தார்கள். பதினான்கு குடிகளில் கிர்வன், டார்சி ஆகிய இரண்டு மட்டுமே ஐரிஷ் மூலம் கொண்டவை என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

கிளாடாவின் கூரை வேய்ந்த வீடுகள் 1930களில் இடிக்கப்பட்டு, நகராட்சி வீடுகள் எழுந்தன. அதனால் அங்கே பார்க்கப் பழைய கட்டடம் எதுவும் இல்லை என்று சொல்லிச் சில வழிகாட்டிகள் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் துறையில் கரிய உடலும் செம்பழுப்புப் பாயும் கொண்ட ஹூக்கர் படகுகள் கட்டிக்கிடக்கும். அலையில் அசையும் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்காரும் சுவரும் உண்டு. கடற்கரை ஊரில் பிறந்த எவருக்கும் அது போதும்.

மொழியில் ஆர்வம் உண்டென்றால் ஐரிஷ் தெரிந்த வழிகாட்டியைக் கேளுங்கள். கால்வேயின் மேற்கே கடலோரமாக ஐரிஷைத் தாய்மொழியாகப் பேசும் பகுதிகள் தொடங்குகின்றன. நகருக்குள்ளேயே 1928 முதல் ஐரிஷ் மொழி நாடகங்களை மேடையேற்றி வரும் தைவார்க் அரங்கு மிடில் தெருவில் இருக்கிறது. ஊரின் பெயரை ‘கால்யிவ்’ என்று அந்த மொழியில் ஒருவர் சொல்லக் கேட்ட பிறகு தெருப் பலகைகளின் மேல்வரியும் நமக்குப் பேசத் தொடங்கும்.


கேட்டவரின் மறுமொழி: தென்கரையாள்

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. செப்டம்பரில் போய் வந்தோம். பின்னால் இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி மூன்று பேருக்கு மின்னஞ்சல் எழுதி லிஞ்ச் கதையைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் கதையை மட்டும் விரிவாகச் சொன்னார். ஒருவர் விலையை மட்டும் அனுப்பினார். மூன்றாமவர் கதையைச் சொல்லி, அதன் ஆண்டுகள் ஏன் பொருந்தவில்லை என்பதையும் சொல்லி, உங்கள் தந்தையிடம் நான் கேட்க விரும்பும் கேள்விகளும் இருக்கின்றன என்று முடித்திருந்தார். அவரையே அமர்த்தினோம். அங்கீகாரம் பெற்றவர், அறுபது வயதை நெருங்கும் பெண்மணி. அப்பாவின் முழங்காலைப் பற்றி நான் ஒருமுறைதான் எழுதியிருந்தேன். நேரில் அதை அவர் வாயால் சொல்லவே இல்லை. ஆனால் எங்கே நின்றாலும் பக்கத்தில் ஓர் இருக்கை இருந்தது. அப்பா தனக்காக நடை மெதுவாகிறது என்று உணராதபடி அதை அவர் செய்தது எனக்குப் பெரிதாகப்பட்டது.

ஏர் சதுக்கத்திலேயே ஐம்பது நிமிடம் போய்விட்டது. பதினான்கு குடிகள் என்றதும் அப்பா நம் பக்கத்து வணிகக் குழுக்களான ஐந்நூற்றுவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வணிகர்கள் ஊரையே ஆள்வதற்கும், ஆள்வோரின் அனுமதியோடு வணிகம் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மழை பிடித்தது. வணிக வளாகத்துக்குள் மதிலைப் பார்த்தோம். மகன் இரு கைகளையும் விரித்து அதன் தடிமனை அளந்தான். தேவாலயத்தில் அம்மா கண்களை மூடி வெகுநேரம் அமர்ந்திருந்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு குறையும் உண்டு. டிரூயிட் சந்தில் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள, செம்பிரபு மண்டபம் (Hall of the Red Earl) என்னும் இடைக்காலக் கட்டடத்தின் அடித்தளத்தைப் பார்க்க நேரம் இல்லாமல் போயிற்று. 1997இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அதுவே நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டுமானங்களில் ஒன்று என்று வழிகாட்டி சொன்னதும் அப்பா வருந்தினார். இடங்களைக் குறைக்கச் சொன்ன நண்பரின் அறிவுரையை மீறி நான் எல்லாவற்றையும் திட்டத்தில் திணித்திருந்ததுதான் காரணம். இனிப் போவோர் அருங்காட்சியகத்தை மாலைக்கு ஒதுக்கிவிட்டுக் காலையில் இதைப் பார்க்கலாம்.

கிளாடாவுக்குக் கட்டாயம் போனோம். குறித்த நேரம் அப்போதே முடிந்துவிட்டிருந்தது. கூடுதல் கட்டணம் தருவதாகச் சொன்னேன், வழிகாட்டி மறுத்துவிட்டார். துறைச் சுவரில் அப்பாவின் அருகில் அமர்ந்து, 1588இல் ஸ்பானியக் கடற்படை சிதறியபோது இந்தக் கரையில் ஒதுங்கியவர்களில் முந்நூறு பேர் வரை கால்வேயில் கொல்லப்பட்டதையும், அவர்களுக்கு ஃபோர்ட்ஹில் மயானத்தில் நினைவுப் பலகை இருப்பதையும் சொன்னார். ஸ்பெயினோடு வணிகம் செய்து வளர்ந்த ஊரில் அது நடந்தபோது வணிகக் குடும்பங்கள் என்ன செய்தன என்று அப்பா கேட்டார். அதற்கான பதிலை அவர்கள் பேசிப் பேசி முடிக்கவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

டப்ளின் திரும்பும் வழி முழுவதும் அப்பா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஊருக்குக் கிளம்புவதற்குள் மீண்டும் ஒருமுறை, இம்முறை ஃபோர்ட்ஹில்லுக்கும் செம்பிரபு மண்டபத்துக்கும் மட்டும், அதே அம்மையாருடன் போக வேண்டும் என்று அவராகவே கேட்டிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை என்று பேசியிருக்கிறோம். கியான்ட் நிலையத்திலிருந்து ஃபோர்ட்ஹில் மயானம் வரை முழங்கால் வலி உள்ளவர் நடந்துவிடலாமா, வழியில் ஏற்றம் இருக்கிறதா என்பதைக் கால்வேயில் உள்ள நண்பர் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.